மூக்குத்தி வைத்த கறுப்புக் கண்ணாடி

எங்கள் அத்தையின் கறுப்புக் கண்ணாடியில் ஒரு மூக்குத்தி இருந்தது. வலது பக்கக் கீலில், திருகாணி இருக்க வேண்டிய இடத்தில், மிளகளவு சிவப்புக் கல். சூரமங்கலத்தில் ரயில் வருவதையும் போவதையும் பார்த்து அலுத்துப்போன ஜனங்கள்கூட அந்தக் கண்ணாடியை ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு ஓரிரு வருஷங்கள் முன்பு நடந்தது இது. நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே அரை மணி நேரம் நடந்தால் வெள்ளைக்கல் கரடு வந்துவிடும். கரடு என்றால் சிறு குன்று; பெயர்தான் அப்படியே தவிர, பாதிக்கு மேல் வெட்டி எடுத்துப் பள்ளமாக்கியிருந்தார்கள். அங்கே கிடைக்கும் வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டு, ரயிலேற்றி, கப்பலேற்றி அனுப்பினார்கள். எதற்கு என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் அதை அரைத்துப் பூசிக்கொள்கிறார்கள், அதனால்தான் துரைமார் அவ்வளவு வெள்ளை என்று ஒரு பேச்சு இருந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. எருமப்பட்டியில் வாழ்க்கைப்பட்டு, கணவர் இறந்ததும் வெள்ளைச் சேலையோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பியவள். வந்த மாதமே கரட்டில் கல் கொத்தும் வேலையில் சேர்ந்துகொண்டாள். வெட்டியெடுத்த வெள்ளைக்கல்லில் ஆங்காங்கே கறுப்பு நரம்பு ஓடியிருக்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சிறிய சுத்தியலால் அந்தக் கறுப்பைத் தட்டி நீக்கி, சுத்தமான வெள்ளையை மட்டும் குவிக்க வேண்டும். குவியலில் கறுப்புத் தென்பட்டால் அன்றைய பாடு அவ்வளவுதான். அத்தையின் குவியலில் கறுப்புத் தென்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெயில் ஏறிவிட்டால் அந்த இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே ஒரு வேலை. மேலே ஒரு வெயில், கீழே கல்லிலிருந்து கிளம்பும் இன்னொரு வெயில். கல் சிதறல் வேறு. நாலைந்து வருஷம் கொத்தியவர்கள் மாலையில் வீடு திரும்பும்போது அழுதுவிட்டு வருகிறவர்களைப் போல இருப்பார்கள். கண் மங்கியவர்களைக் கரட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. கறுப்பு எது, வெள்ளை எது என்று சொல்லத் தெரியாதவளுக்கு அங்கே என்ன வேலை? முந்தின வருஷம் மேஸ்திரி இரண்டு பேரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அத்தைக்கு வேலை போனால் போக வேண்டிய இடமும் தயாராக இருந்தது. எருமப்பட்டியில் அவளுடைய கொழுந்தனார் ஒன்பது எருமை வைத்திருந்தார். அமாவாசைக்கு அமாவாசை ஆள் மூலமாகச் சொல்லியனுப்புவார்: அண்ணி எதற்கு அந்த வெயிலில் கிடந்து சாக வேண்டும், இங்கே வந்து சும்மா உட்கார்ந்து சாப்பிடட்டும்.

"சும்மா உக்காந்தா?" என்பாள் அம்மா. "ஒம்பது எருமையும் அதுவாப் பாலைக் கறந்து அதுவாக் காப்பிக் கடைக்குக் கொண்டுபோயி ஊத்திக்குமாக்கும்."

அத்தை சிரிப்பாள். ஆனால் எருமப்பட்டி ஆள் வந்து போன அன்று சரியாகச் சாப்பிட மாட்டாள்.

அந்த வருஷம் ஆனி மாதம் அத்தைக்குக் கண்வலி வந்தது. பத்து நாள் உள்ளறையில் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். எனக்கு ஒட்டிக்கொள்ளும் என்று என்னைக் கிட்டே விடவில்லை. சித்தப்பா மட்டும் உள்ளே போய்வந்துகொண்டிருந்தார். அவர் ரயில்வே என்ஜின் ஷெட்டில் என்ஜின் துடைக்கும் வேலையில் இருந்தார். பத்தாம் நாள் சாயங்காலம் எண்ணெய்ப் பிசுக்குத் துணியில் சுற்றி எதையோ கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்திய, டிரைவர் ஒருவர், என்ஜின் அடுப்புத் தீயைப் பார்ப்பதற்காக அத்தனை வருஷமும் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடி அது. மறுநாள் காலையில் அத்தை அதைப் போட்டுக்கொண்டு கரட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கண்ணாடி அழகானது அல்ல. வட்ட வட்டமாக இரண்டு கண்ணாடிகள், ஈர விறகின் புகை நிறத்தில், தோசை ஓரத்தின் கனத்தில். சுற்றிலும் வெள்ளியும் இல்லாத இரும்பும் இல்லாத ஒரு வெளிர் உலோகம். காதில் மாட்டும் கம்பியின் நுனி சுருள்வில்லைப் போல முறுக்கியிருக்கும். மாட்டினால் காதைச் சுற்றிப் பின்பக்கம்வரை போய்ப் பிடித்துக்கொள்ளும். தலையைக் குனிந்து சுத்தியலால் நாள் முழுக்கத் தட்டினாலும் நழுவாது.

முதல் நாள் கரட்டில் வரவேற்பு பலமாக இருந்தது.

"எல்லாரும் எந்திரிங்க, தொரைசாணி வாராங்க!" என்று ஒருத்தி கத்தினாள்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றாள் அத்தை, கையை உயர்த்தி. "இன்னைக்கு யாருக்கும் அபராதமில்லை."

சிரிக்காதவர் மேஸ்திரி ஒருவர்தான். அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. அதுவரை கரட்டில் கறுப்புக் கண்ணாடி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒருவர் சனிக்கிழமை தோறும் சுற்றிப் பார்க்க வரும் துரை. மற்றவர் மேஸ்திரி. அவருடையது சேலத்துக் கடைவீதியில் வாங்கிய புத்தம்புதுச் சரக்கு. ஆமை ஓட்டைப் போலப் புள்ளி போட்ட செல்லுலாயிடு சட்டம். அதைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்கு அவர் ஒரு நாளில் செலவிட்ட நேரத்தில் இரண்டு குவியல் கொத்திவிடலாம் என்று பெண்கள் சொல்வார்கள். கல் கொத்துகிறவள் கண்ணாடி போட்டால் மேஸ்திரிக்கும் அவளுக்கும் வித்தியாசம் என்ன?

"கறுப்புக் கண்ணாடியில பாத்தா எல்லாமே கறுப்பாத்தானே தெரியும்? கல்லு எப்படிப் பிரிப்ப?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியுதோ அப்படித்தானுங்க," என்றாள் அத்தை.

அவர் அன்று அவளுடைய குவியலைக் கால் மணி நேரம் கிளறினார். கறுப்புக் கிடைக்கவில்லை. மறுநாளும் கிளறினார். அப்புறம் விட்டுவிட்டார், அதாவது, வேறு வழி யோசிக்கத் தொடங்கினார்.

கண்ணாடி வந்த பிறகு அத்தையிடம் சில மாறுதல்களை நான் கவனித்தேன். எதையாவது பார்ப்பதென்றால் கோழி பார்ப்பது போலத் தலை முழுவதையும் திருப்பிப் பார்த்தாள். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு அப்பால் கொஞ்சம் ஊற்றினாள். முதல் இரண்டு வாரம் சுத்தியல் இடது கட்டைவிரலில் பட்டு நகம் கறுத்தது. நான் வலது பக்கம் போய் உட்கார்ந்தால், "இந்தப் பக்கம் வா சாமி" என்று இடது பக்கம் உட்காரவைத்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டால் இப்படியெல்லாம் ஆகும்போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். முடிவு செய்வதில் எனக்கு எப்போதுமே தாமதம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போனாள். வீட்டுக்குள் கண்ணாடியைக் கழற்றுவது அந்த ஒரு வேளைதான். நான் எடுத்து மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன்.

தெருமுனையில் மேஸ்திரியின் மகள் நின்றாள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இடம். என்னைப் பார்த்ததும், "எங்கப்பா கண்ணாடி ஆமை ஓட்டுல செஞ்சது. உங்க அத்தையோடது என்ன, தகரமா?" என்றாள்.

பதில் சொல்வதற்கு உயரம் தேவைப்பட்டது. அங்கே நின்ற உமி வண்டியின் மேல் ஏறினேன். ஏறி நின்று வாயைத் திறப்பதற்குள் மாடு பின்னால் நகர்ந்தது. கண்ணாடி என் முகத்துக்குப் பெரியது. கழன்று, வண்டியின் பக்கத்துக் கட்டையில் ஒரு முறை, கீழே சரளைக்கல்லில் ஒரு முறை பட்டு விழுந்தது. வண்டிச் சக்கரம் அதன் மேல் ஏறியது. முழுதாக ஏறியதா, ஓரமாக அழுத்தியதா என்பதை இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கீழே குதித்து எடுத்தபோது வலது காதுக் கம்பி தனியாக வந்தது. கீலிலிருந்த திருகாணியைக் காணோம். மூக்கின் மேல் உட்காரும் வளைவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் கண்ணாடி இரண்டும் முழுசாக இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை.

அழுகை வருவதற்கு முன்பு பெருமை வந்துவிட்டது. "பாத்தியா! எங்க அத்தை கண்ணாடி வண்டி ஏறுனாக்கூட உடையாது! உங்கப்பன் கண்ணாடி மேல ஏறச் சொல்லு பாக்கலாம்!" என்று கத்தினேன். அவள் தன் வீட்டுக்கு ஓடினாள். அதன் பிறகுதான் நான் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை ஈரத் தலையோடு வந்து, முந்தானையை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கையில் வாங்கினாள். அடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் கேள்வி கேட்டாள்.

"எவ்வளவு உசரத்துல இருந்து உழுந்துச்சு?"

"வண்டி மேல இருந்து, அத்தை."

"நின்னியா, உக்காந்திருந்தியா?"

"நின்னேன்."

"கீழ மண்ணா, கல்லா?"

"கல்லு. சரளைக்கல்லு."

"மொதல்ல எது பட்டுச்சு? மூக்குப் பக்கமா, காதுப் பக்கமா?"

பிற்காலத்தில் பத்திரிகை அலுவலகத்தில் விபத்துச் செய்தி எழுதிக்கொண்டுபோய் நின்றபோது எங்கள் ஆசிரியர் இதே வரிசையில்தான் கேட்பார். அத்தை அளவுக்குக் கூர்மையாக அவர் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, "செரி, போ" என்றாள் அத்தை. அவள் முகத்தில் கோபம் இருந்ததா என்று முந்தானைக்குள் தெரியவில்லை.

அன்று பிற்பகலே என்னைக் கூட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனாள். அங்கே கொலுசுப் பட்டறை வைத்திருந்த ஆசாரி ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். அவர் கண்ணாடியை வாங்கி, காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்தார். கம்பியை வளைத்து விட்டுப் பார்த்தார். அது தன் இடத்துக்குத் திரும்பியது.

"வட்டம் ஒரே கம்பிங்க. ஒட்டே இல்லை," என்றார். "கீலைப் பாருங்க, அஞ்சு கணு வெச்சிருக்கான். நம்ம கொலுசுக்கே மூணுதான் வெக்கறோம். கண்ணாடியையும் இறுக்கிப் பிடிக்கலை. ஒரு மயிரிழை எடம் உட்டிருக்கான். அதனாலதான் அடிபட்டா அது குலுங்கிக்குது, ஒடையறதில்லை. செஞ்சவன் ஒரு கொலுசு ஆசாரியாத்தான் இருந்திருக்கோணும்."

சீமையில் எவனோ செய்ததற்கு இதைவிடப் பெரிய மரியாதையை அந்தப் பட்டறையில் எதிர்பார்க்க முடியாது.

வளைவை நிமிர்த்திவிட்டார். திருகாணிதான் சிக்கல். அந்த அளவில், அந்த மரையில், அவரிடம் இல்லை. கம்பியை அறுத்துச் செருகி இரண்டு பக்கமும் நசுக்கிவிடலாம், ஆனால் மடக்க மடக்கத் தேய்ந்து பத்து நாளில் கழன்றுவிடும் என்றார். அத்தை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த துணியொன்றைப் பிரித்து, தன்னுடைய மூக்குத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கணவர் இறந்த அன்று கழற்றியது.

ஆசாரி அவளை ஒருமுறை பார்த்தார். மூக்குத்தியின் தண்டைக் கீலுக்குள் விட்டார். அளவெடுத்துச் செய்தது போல ஐந்து கணுவுக்குள்ளும் போய், மறுபக்கம் எட்டிப் பார்த்தது. திருகாணியை மாட்டி முறுக்கினார்.

"கல்லை உள்பக்கமாத் திருப்பிரட்டுங்களா? வெளிய தெரியாது."

"வேண்டாமுங்க. வெளியவே இருக்கட்டும். நல்லாத் தெரியட்டும்," என்றாள் அத்தை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைப் பார்த்துவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஏனுங்க அண்ணி, நாலு பேரு என்ன சொல்லுவாங்க? தாலி இல்லாதவங்க மூக்குத்தி போடலாமா?"

"மூக்குலயா போட்டிருக்கேன்? கண்ணாடியிலதான போட்டிருக்கேன்."

அதற்கு எந்த சாஸ்திரத்திலும் தடை இருப்பதாகத் தெரியவில்லை. தெருவும் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓய்ந்தது.

நான் வண்டியின் மேல் நின்று சொன்னது ஓயவில்லை. மேஸ்திரியின் மகள் அதை அப்படியே கொண்டுபோய் வீட்டில் சேர்த்திருந்தாள். கொஞ்சம் சேர்த்தும் சொல்லியிருக்கலாம். அடுத்த சனிக்கிழமை எங்களுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். அத்தைக்குக் கம்மஞ்சோறு எடுத்துக்கொண்டு நான் கரட்டுக்குப் போனபோது, பெண்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். துரை வந்திருந்தார். பக்கத்தில் அவர் பேச்சைத் தமிழாக்கும் குமாஸ்தா. எதிரே மேஸ்திரி, ஆமை ஓட்டுக் கண்ணாடியோடு. அவருக்கு எதிரே அத்தை.

மேஸ்திரி கண்டுபிடித்திருந்த வழி உண்மையிலேயே நல்ல வழி. அந்த மாதம் கறுப்புத் துணுக்குக் கலந்திருந்ததென்று ஒரு வண்டிக் கல் திரும்பி வந்திருந்தது. துரை அந்த எரிச்சலில் இருந்தார். மேஸ்திரி பணிவாகச் சொன்னார்:

"கொத்தற எடத்துல கண்ணாடி போட்டா, சுத்தியல் தெறிச்சு ஒடையாம இருக்குமுங்களா? ஒடைஞ்சா கறுப்புச் சில்லு வெள்ளைக்கல்லுல கலந்துருமுங்க. யாரு பொறுக்கறது? கழட்டச் சொல்லுங்க. கழட்டிட்டு இந்தம்மாவால வெயில்ல கண்ணுத் தெறந்து வேலை செய்ய முடிஞ்சாச் செய்யட்டும். இல்லீனா ஊட்டுக்குப் போவட்டும்."

குமாஸ்தா மொழிபெயர்த்தார். துரை தலையசைத்தார். எனக்கு அந்த இடத்தில் எருமப்பட்டியின் ஒன்பது எருமைகளும் வரிசையாகக் கண்ணில் தெரிந்தன. எல்லாம் என் வாயால் வந்தது என்பதும் தெரிந்தது.

அத்தை அவசரப்படவில்லை.

"கழட்டறேனுங்க," என்றாள். "மேஸ்திரியையும் கழட்டச் சொல்லுங்க. அவரும் நாள் பூரா எங்க குவியலுக்கு மேலதானுங்களே குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. அவருது ஒடைஞ்சா மட்டும் சில்லு வெள்ளையாவா உழுகும்?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"என்னுது தொரைமார் போடற சரக்கு!" என்றார் மேஸ்திரி. "இதும் அதும் ஒண்ணா?"

"ஒண்ணா, இல்லையான்னு போட்டுப் பாத்தாத் தெரிஞ்சுருமுங்க. ரெண்டையும் ஒரே உசரத்துல இருந்து இந்தக் கல்லு மேல போடட்டும். எது ஒடையுதோ அது கரட்டுக்கு வேண்டாம். என்னுது ஒடைஞ்சா நானே ஊட்டுக்குப் போயிக்கறேன்."

குமாஸ்தா இதை மொழிபெயர்த்தபோது மூலத்தைவிடச் சற்று நீளமாக, கைகளை ஆட்டி மொழிபெயர்த்தார். அவருக்கும் மேஸ்திரிக்கும் ஏதோ பழைய கணக்கு இருந்திருக்க வேண்டும். துரையின் முகத்திலிருந்த எரிச்சல் போய்ச் சிரிப்பு வந்தது. மேஸ்திரியின் பக்கம் கையை நீட்டினார். துரை கை நீட்டினால் கொடுக்காமல் இருக்க முடியாது.

அத்தை சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். முந்தானையை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றி, சிவப்புக் கல் மேலே தெரியும்படி பிடித்து, குமாஸ்தாவிடம் நீட்டினாள்.

நான் கூட்டத்தில் புகுந்து முன்னால் போய்விட்டேன். அத்தைக்கும் எனக்கும் நடுவே நாலடி தூரம்கூட இல்லை.

முதலில் மேஸ்திரியுடையது. குமாஸ்தா கையைத் தலைக்கு மேல் தூக்கி, விரலைத் திறந்தார். தட்டையான ஒரு வெள்ளைக்கல்லில் விழுந்தது. சத்தம் பெரிதாக இல்லை. அப்பளம் ஒடிகிற சத்தம். மூக்கு வளைவில் சட்டம் இரண்டாகி, ஒரு கண்ணாடி மூன்று துண்டாகவும் இன்னொன்று எண்ண முடியாத துண்டாகவும் கிடந்தது.

அடுத்தது அத்தையுடையது. அதே கை, அதே உயரம், அதே கல். கிணுங்கென்று கொலுசு விழுகிற சத்தம் கேட்டது. கல்லிலிருந்து ஒரு சாண் எழும்பி, புரண்டு, காதுக் கம்பிகளை மேலே நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. சிவப்புக் கல் வெயிலில் மினுங்கியது. குமாஸ்தா குனிந்து எடுத்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, இரண்டு வட்டங்களுக்குள்ளும் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலை!"

துரை அதை வாங்கினார். கீலை மடக்கி விரித்தார். மூக்குத்தியை நகத்தால் தொட்டுப் பார்த்தார். எடை போடும் மேடையின் மேல் ஏறி நின்று, அங்கிருந்து தானே ஒரு முறை போட்டார். கிணுங். மறுபடியும் முழுசு. அப்புறம் குமாஸ்தா, யாரும் கேட்காமலே, இன்னொரு முறை போட்டார். அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது.

பெண்கள் கை தட்டினார்கள். ஒருத்தி குலவையிட்டாள். கரட்டில் அதுவரை அந்தச் சத்தம் கேட்டதில்லை. துரை கண்ணாடியை அத்தையிடம் நீட்டி, இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நடந்தார். அத்தை வாங்கி மாட்டிக்கொண்டாள். காதைச் சுற்றிக் கம்பியைச் சரி செய்தாள். பிறகு தலையை முழுவதும் திருப்பி மேஸ்திரியைப் பார்த்தாள்.

"ஏனுங் மேஸ்திரி, கோவிச்சுக்காதீங்க. அந்தச் சில்லையெல்லாம் கொஞ்சம் பொறுக்கிருங்க. வெள்ளைக்கல்லுல கலந்துரப் போவுது."

அவர் பொறுக்கினார். குந்தி உட்கார்ந்து, வெறும் கண்ணை வெயிலில் சுருக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய, நாற்பது பெண்கள் பார்த்திருக்க, ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். "அதோ அங்க ஒண்ணு கெடக்குதுங்க," "இந்தக் குவியல்ல பாருங்க, மின்னுது" என்று எல்லாத் திசையிலிருந்தும் உதவி வந்தது. நான் அன்று கம்மஞ்சோற்றுப் பாத்திரத்தை எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை. அத்தை சாப்பிடாமலே அன்று மாலை வரை கொத்தினாள், பசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த அமாவாசைக்கு எருமப்பட்டி ஆள் வந்தபோது அத்தையே வாசலுக்குப் போய்ப் பதில் சொன்னாள்: "எனக்குக் கரட்டுல வேலை இருக்குதுங்க. எருமைங்க கோவிச்சுக்கக் கூடாதுன்னு நாஞ் சொன்னேன்னு சொல்லிருங்க." அதற்குப் பிறகு அங்கிருந்து ஆள் வரவில்லை. அந்த வருஷம் முடிவதற்குள் சித்தப்பா ஷெட்டில் தேடிப் பிடித்து மூன்று பேருக்கு உலோகச் சட்டம் போட்ட கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தார். நாலாவதைக் கேட்டு ஒரு நாள் மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தை அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். கண்ணாடியும் கிடைத்தது. "கீல்ல அஞ்சு கணு இருக்குதான்னு எண்ணிப் பாத்து வாங்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

அத்தை அதன் பிறகு பதினாறு வருஷம் கரட்டில் வேலை செய்தாள். அவளாக நிறுத்தினாள், யாரும் நிறுத்தவில்லை.

நிறுத்தியதற்கு அடுத்த வருஷம், புரை விழுந்திருக்கும் என்று அவளைச் சேலம் கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். அப்போது நான் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கவனிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இடது கண்ணில்தான் புரை, எடுத்துவிடலாம் என்றார். வலது கண்ணுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அது பழைய காயம், கல் துணுக்கு பாய்ந்திருக்கிறது, பதினாறு பதினேழு வருஷத்துக்குக் குறையாது, அன்றைக்கே பார்வை போயிருக்கும் என்றார். "உங்களுக்குத் தெரியாதா?" என்று என்னைத்தான் கேட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனி மாதம். பத்து நாள் கண்வலி. பத்தாம் நாள் வந்த கண்ணாடி.

வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தோம். இடது பக்கம்தான் உட்கார்ந்தேன்.

"சித்தப்பாவுக்குத் தெரியுமா அத்தை?"

"அவனுக்குத் தெரியாம எப்படி? அவந்தானே கண்ணாடி கொண்டாந்தான்."

"அன்னைக்குத் தொரை முன்னால, அத்தனை பேருக்கு நடுவுல, கழட்டிட்டுத்தானே நின்னீங்க. ஒருத்தராச்சும் பாத்திருந்தா?"

"நானும் பயந்துக்கிட்டேதான் நின்னேன்," என்றாள் அத்தை. "எங்க சாமி பாத்தீங்க? எல்லாரும் கண்ணாடியைத்தானே பாத்தீங்க."

அந்தக் கண்ணாடி இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. கீலில் ஐந்து கணு, எண்ணிப் பார்த்திருக்கிறேன். வட்டக் கம்பியில் ஒட்டு இல்லை. இடது வட்டத்தின் கீழ் விளிம்பில் நெல் முனையளவு ஒரு வடு. அது துரை மேடையிலிருந்து போட்டபோது விழுந்தது. முதல் முறை ஒரு சாண் எழும்பியது, இரண்டாம் முறை ஒரு முழம், மூன்றாம் முறை கல்லைத் தாண்டி மண்ணில் போய் நின்றது. குமாஸ்தாவின் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. இவ்வளவும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த வெயிலில் நாலடி தூரத்தில் வெறும் முகத்தோடு நின்ற அத்தை மட்டும், எவ்வளவு முயன்றாலும், நினைவுக்கு வருவதில்லை.